ஒரே நாளில் இரண்டு படம், இரண்டையும் நம்பாத இரண்டு ஸ்டூடியோ

[திரையில்: காலண்டர் தாள். 1999 ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை.]

ஒரு விடுகதையோடு ஆரம்பிக்கிறேன். ஒன்பது வயதுப் பையன். வீட்டில் அப்பா இல்லை, வேலைக்கு ஓடும் அம்மா மட்டும். பையனிடம் ஒரு ரகசியம் இருக்கிறது, வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இது எந்தப் படம்?

"தி சிக்ஸ்த் சென்ஸ்" என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி "தி அயர்ன் ஜயன்ட்" என்ற கார்ட்டூன் படத்துக்கு. அமெரிக்காவில் இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஒரு பையனுக்குப் பேய் தெரிகிறது, இன்னொருவனுக்கு ஐம்பது அடி உயர ரோபோ கிடைக்கிறது. முதல் வார இறுதியில் பேய்க்கு 2 கோடியே 67 லட்சம் டாலர் வசூல். ரோபோவுக்கு வெறும் 57 லட்சம்.

பேய்ப் படத்தை எடுத்த மனோஜ் நைட் ஷியாமளன் யார் என்று தெரியும்தானே? வரைபடத்தில் கேரளாவுக்குள் உட்கார்ந்திருக்கும் புதுச்சேரியின் துண்டு, மாஹே. அங்கே பிறந்தவர், அம்மா தமிழ். சரி, பெருமைப்பட்டுக்கொண்டே கேளுங்கள், இங்கேதான் வேடிக்கை.

அந்தப் படத்தையும் அதன் ஸ்டூடியோ நம்பவில்லை! டிஸ்னியில் டேவிட் வோகல் என்ற அதிகாரி கதையைப் படித்து மயங்கி, மேலிடத்தில் கேட்காமலேயே இருபது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்த பரிசு, பதவி போனது. டிஸ்னி படத்தை ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்திடம் தள்ளிவிட்டு, விநியோகத்தையும் வசூலில் எட்டில் ஒரு பங்கையும் மட்டும் வைத்துக்கொண்டது. படம் உலகம் முழுக்க 67 கோடி டாலருக்கு மேல் வாரியது. விளையும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த கதைதான். எனக்குத் துளியும் வருத்தமில்லை, டிஸ்னிக்குச் சோற்றுக்கு வழி இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்னி நம்பாவிட்டாலும், விற்கும் வேலையை ஒழுங்காகச் செய்தது. ரோபோவுக்கு அதுகூட நடக்கவில்லை.

[திரையில்: ஒரே ஒரு போஸ்டர்.]

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் கவிஞர் டெட் ஹியூஸ் 1968இல் எழுதிய குழந்தைக் கதை. படமாக்கியவர் பிராட் பேர்ட், முதல் படம். தயாரிப்பு வார்னர் பிரதர்ஸ். கதை நடப்பது 1957, ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவி அமெரிக்கா வானத்தைப் பார்த்து நடுங்கிய நேரம். அவ்வளவுதான், போதும்.

வார்னர் 1998இல் "குவெஸ்ட் ஃபார் கேம்லாட்" என்று ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது. சூடு கண்ட பூனை அடுத்து அடுப்பங்கரைப் பக்கம் வருமா? அயர்ன் ஜயன்ட் ஓசையில்லாமல் தயாரானது. ரிலீஸ் தேதியே வெகுநாள் முடிவாகவில்லை. அப்புறம் பொதுமக்களுக்குப் போட்ட பிரிவியூ காட்சியில் மதிப்பெண்கள் எகிறின. பதினைந்து வருடங்களில் அந்த ஸ்டூடியோ படம் எதுவும் வாங்காத மதிப்பெண் என்று பேர்ட் பின்னால் சொன்னார். அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். பர்கர் கடையில் பொம்மை, காலை உணவு டப்பாவில் படம் என்று அமெரிக்காவில் குழந்தைப் படங்களுக்குச் செய்யும் விளம்பர ஒப்பந்தங்களுக்கெல்லாம் பல மாதம் முன்பே உட்கார வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பத்திரிகை அடித்தால் யார் வருவார்கள்? சுமார் 5 கோடி டாலர் செலவு, உலக வசூல் 3 கோடியைக் கொஞ்சம் தாண்டியது. பெட்டி திரும்பிவிட்டது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள்.

அந்த ரோபோ கம்ப்யூட்டரில் செய்தது. மற்ற எல்லாரும், அந்த ஊர், காடு, பையன், அவன் அம்மா, எல்லாம் கையால் வரைந்தது. இரண்டையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் போடும் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல இருக்கும். மனிதக் கை போடும் கோட்டில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். ரோபோ வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோலத் தெரியும். அதனால் ஒரு மென்பொருள் செய்தார்கள். அதன் வேலை கோட்டைக் கொஞ்சமாகக் கெடுப்பது! சுத்தமான கோட்டைப் பிடித்து லேசாக ஆட்டிவிடும், கை வரைந்ததுபோல. பிழையில்லாமல் வரையத் தெரிந்த மெஷினுக்குப் பிழை செய்யப் பயிற்சி. இதை முதலில் படித்தபோது நான் படத்தை மறுபடி போட்டு ரோபோவின் தோள்பட்டைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ரோபோவின் குரல் யாருடையது தெரியுமா? வின் டீசல். பிற்காலத்தில் "க்ரூட்" என்ற மரத்துக்கும் அவர்தான் குரல். நாலு வார்த்தை பேசி அழவைக்க ஹாலிவுட்டில் அவரை விட்டால் ஆளில்லை. கார் ஓட்டும் படங்களில் அதிகமாகப் பேசுகிறார், அதுதான் பிரச்சனை. (ரசிகர்கள் கமெண்டில் திட்டலாம், படித்துவிடுகிறேன்.)

பேர்ட் இந்தக் கதையை ஸ்டூடியோவில் சொன்னபோது வைத்த கேள்வி இது: ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, அது துப்பாக்கியாக இருக்க மறுத்தால்? அவருடைய அக்கா துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். இதைத் தெரிந்துகொண்டு கடைசிப் பதினைந்து நிமிடம் பார்த்தால் தொண்டை அடைக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஸ்டூடியோ கைவிட்ட படங்கள் இன்னும் இருக்கின்றன. இயக்குநர் மைக் ஜட்ஜின் "இடியோக்ரஸி" என்ற நகைச்சுவைப் படத்தை ஃபாக்ஸ் நிறுவனம் 2006இல் டிரெய்லர்கூட இல்லாமல் ஏழே ஊர்களில் ஓட்டித் தூக்கிவிட்டது. மொத்த வசூல் 5 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. கதை நடக்கும் 2505ஆம் ஆண்டில் எல்லாரும் முட்டாள்கள். அவர்கள் மாட்டித் திரிவதற்கு, யாருமே வாங்க மாட்டார்கள் என்று நம்பி மலிவான ஓட்டைச் செருப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் கிராக்ஸ். உங்கள் காலைக் குனிந்து பாருங்கள்.

சரி, ரோபோவுக்கே திரும்புவோம். வீடியோ கேசட்டும் கார்ட்டூன் நெட்வொர்க்கும்தான் அதைக் காப்பாற்றின. விடுமுறை நாளில் நாள் முழுக்க திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். பேர்ட் பிக்சார் என்ற கார்ட்டூன் ஸ்டூடியோவுக்குப் போய் "தி இன்கிரெடிபிள்ஸ்" எடுத்தார். வார்னருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயர் பக்கத்துக் கடைக்குப் போனது.

[திரையில்: பழைய பொருள் கிடங்கு, இரவு.]

2015இல் அதே வார்னர், படத்தை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தது. 1999இல் பணமும் நேரமும் இல்லாமல் கோட்டோவியத்தோடு நின்றுபோன இரண்டு காட்சிகளை இப்போது முடித்துச் சேர்த்தார்கள். ஒன்றில் ரோபோ கிடங்கில் படுத்துத் தூங்குகிறது. அதன் கனவு பக்கத்து வீட்டு டிவியில் தெரிகிறது: தன்னைப் போலவே ஏராளமான ரோபோக்கள் வரிசையாக நடந்து போய் ஒரு கிரகத்தை அழிக்கின்றன. பதினாறு வருடம் காத்திருந்த கனவு, ஓடுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.