அழுவுற பூமி உருண்டை வேணாம், நம்ம ஊரு ஏரிய வரைங்க பசங்களா | வேலூர் வ்லாக்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இன்னிக்கு வீடியோ கொஞ்சம் நீளமா போவும், பொறுமையா பாருங்க. நான் இப்ப நிக்கறது வேலூர்ல இருந்து குடியாத்தம் போற பக்கம் ஒரு கிராமம், கவர்மெண்ட் ஸ்கூல் காம்பவுண்ட் சுவருக்கு முன்னாடி. ஸ்கூல் பேரு சொல்லல, பசங்க முகமும் காட்ட மாட்டேன், சுவத்துல வரைஞ்சிருக்கற படத்த மட்டும் காட்டறேன்.

இங்க பாருங்க, இது மலை, இதுல இருந்து எறங்கி வருது பாருங்க இந்த கோடு, இதான் வரத்துக்கால்வாய். இது ஏரிக்கரை, இது மதகு, இங்க கடைசில இருக்கறது கலங்கல், ஏரி நெறஞ்சா கோடி போறது, அதாவது மிச்ச தண்ணி வழிஞ்சு போறது, இது வழியாதான், கோடி போற தண்ணி அப்படியே கீழ் ஊர் ஏரிக்கு போவுது, அங்க நெறஞ்சா அதுக்கும் கீழ, கடைசில பாலாறு. மொத்தமும் ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்க வரைஞ்சது. நாங்க ஒரு நாலஞ்சு பேர் கூட நின்னோம், அவ்ளோதான்.

ஏன் இத வரைஞ்சோம்னு சொல்றேன். காலநிலை மாற்றம்னு எந்த ஸ்கூல்ல ஓவியப்போட்டி வச்சாலும் அதே படம்தான் வருது, வாயில தர்மாமீட்டர் வச்ச பூமி, கண்ணீர் விடுற பூமி, ரெண்டு கைக்கு நடுவுல ஒரு செடி, இல்லன்னா பனிக்கரடி. பசங்கள தப்பு சொல்லல, அவங்களுக்கு நாம காட்டுனது அதான். ஆனா வேலூர் பையன் எதுக்கு பனிக்கரடிய வரையணும்? அக்னி நட்சத்திரத்துல நாப்பது டிகிரிக்கு மேல வெயில் கொளுத்துற ஊர்ல பொறந்து வளர்ற புள்ளைக்கு சூடுன்னா என்னன்னு நாம போயி சொல்லித்தரணுமா? அவன் பாத்தத அவன் வரையட்டும்.

பாக்கவும் செஞ்சிருக்காங்க. 2019 கோடையில சென்னைக்கு குடிக்க தண்ணி இல்லன்னு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி போச்சு, அப்ப ஜோலார்பேட்டை நம்ம வேலூர் மாவட்டம்தான், பிரிக்கறதுக்கு முன்னாடி. ரெண்டே வருஷம் கழிச்சு 2021 நவம்பர்ல நம்ம பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுச்சு, வருஷம் பூரா மணலா கெடக்கற ஆறு. காத்து ஒரு டிகிரி சூடானா அது ஏழு சதவீதம் கூடுதலா ஈரத்த புடிச்சு வச்சிக்கும், அதனால கொட்டும்போது மொத்தமா கொட்டும். அப்படி கொட்டுற தண்ணிய புடிச்சு வைக்க நம்ம வட ஆற்காட்டுல முன்னாடி இருந்தவங்க கட்டுனதுதான் இந்த சங்கிலி ஏரிங்க எல்லாம். ஏரி தூந்து போயி கால்வாய் அடைச்சிக்கினா அதே மழை வெள்ளமாதான் வரும், அப்பால அடுத்த கோடைக்கு கெணத்துல தண்ணியும் இருக்காது. இத வாயால சொன்னா பசங்களுக்கு போரடிக்கும், வரைய சொன்னா தானா புரியுது.

அதனால பிரஷ்ஷ கையில குடுக்கறதுக்கு முன்னாடி நடக்க கூட்டிக்கினு போனோம். ஒரு சனிக்கிழமை காலைல, டீச்சருங்க, பசங்க, ஊர் ஆயா ஒருத்தங்க, எல்லாரும் கால்வாய் ஓரமாவே. ஆயாவுக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், கைய நீட்டி நீட்டி சொல்லிக்கினே வந்தாங்க, "இங்க ஒரு கல்லு மதகு இருந்துதுடா, அந்த பக்கம் நாவ மரம், அதுக்கு கீழதான் நாங்க துணி தொவைப்போம்." மரமும் இல்ல, மதகு வேலிகாத்தான் புதருக்குள்ள கெடக்குது. கொஞ்ச தூரம் போனா கால்வாயே காணல, கோழிக்கடை கழிவு மூட்டை மூட்டையா, பிளாஸ்டிக் கவரு, இடிச்ச வீட்டு கல்லு மண்ணு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி ஒண்ணாம் தேதியில இருந்து கேரி பேக் தடை, இங்க மண்ண தோண்ட தோண்ட வருது. ஒரு பொண்ணு நோட்டுல பென்சிலால கோடு போட்டுக்கினே வந்துச்சு, அந்த எடத்துல நின்னுட்டு "அண்ணா, இத எப்படி வரையறது, தண்ணி மாதிரியா குப்பை மாதிரியா"ன்னு கேட்டுச்சு. இருக்கறத இருக்கற மாதிரியே வரைம்மான்னு சொன்னேன். இதோ பாருங்க, நீலமா வர்ற கோடு இங்க கறுப்பா மாறுது, நடுவுல சின்ன சின்னதா கவருங்க. சுவத்துலயே எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இதான்.

கலர் பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க. பின்னாடி சுண்ணாம்புல வஜ்ரப் பசை கலந்து ரெண்டு கோட்டு. மண்ணு, கரை எல்லாம் காவி. நீலம், பச்சைக்கு மட்டும் எமல்ஷன்ல ஸ்டெய்னர் ஊத்தி கலக்குனோம். இது மேற்கு பாத்த சுவரு, நம்ம ஊர் வெயிலுக்கு மலிவு பெயிண்ட் சீக்கிரம் உரிஞ்சுடும், சுண்ணாம்பு வருஷா வருஷம் பசங்களே மேல அடிச்சிக்கலாம், செலவும் கம்மி.

இன்னொண்ணு கிரவுண்டுல பண்ணோம். எட் ஹாக்கின்ஸ்னு ஒரு பிரிட்டன் விஞ்ஞானி 2018ல உலகம் எப்படி சூடாவுதுன்னு காட்ட ஒரு படம் போட்டாரு, வருஷத்துக்கு ஒரு பட்டை, குளுந்த வருஷம்னா நீலம், சூடான வருஷம்னா சிவப்பு, எழுத்தே கெடையாது. அத கோலப்பொடியில போட்டோம், 1850ல இருந்து, ஒரு பட்டை நாலு வெரக்கடை அகலம். இந்த முனையில நீலம், வெளிர் நீலம்னு ஜாலியா போட்டுக்கினு வந்தாங்க, கிட்டத்துல வருஷங்க வர வர செவப்பு பொடி தீந்து போச்சு, கடைக்கு ஓடி வாங்கியாந்தும் பத்தல. 2024 வரைக்கும் வந்துட்டு, இதுவரைக்கும் அளந்ததுலயே அதான் ரொம்ப சூடான வருஷம்னு டீச்சர் சொன்னப்ப, ஒரு பையன் அவன் பொறந்த வருஷத்த தேடி போயி நின்னான், அப்பால எல்லாரும் அவங்கவங்க பட்டையில போயி நின்னாங்க. எல்லாரும் செவப்புலதான் நின்னாங்க மக்களே. நான் வேற எதுவும் சொல்லல.

இப்ப நீங்க கேப்பீங்க, படம் வரைஞ்சா குப்பை போயிடுமான்னு. நியாயமான கேள்விதான். சுவரு ரோட்ட பாத்து இருக்கறதால பஸ்சுக்கு நிக்கறவங்க எல்லாம் பாக்கறாங்க, "எங்க நெலத்துகிட்ட இல்ல கறுப்பா போட்டிருக்கு"ன்னு ஆளுங்க பேச ஆரம்பிச்சாங்க. ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு அதே மேப்ப சார்ட்ல வரைஞ்சு எடுத்துக்கினு போயி பசங்க மனு குடுத்தாங்க, தீர்மானத்துல ஏறுச்சு, நூறு நாள் வேலை ஆளுங்க வந்து புதர வெட்டி பாதி தூரம் தூர் எடுத்தாங்க. மீதி பாதி இன்னும் அப்படியே கெடக்குது, கோழிக்கழிவும் திரும்ப விழுது. அந்த பாதிய சுவத்துல பசங்க நீலமா மாத்த மாட்டேன்னுட்டாங்க, தண்ணி வந்தாதான் மாத்துவாங்களாம். கரெக்டு தானே?

பெரியவங்க செஞ்சு காட்டியும் இருக்காங்க, நம்ம மாவட்டத்துலயே நாகநதிக்காக ஆயிரக்கணக்கான பொம்பளைங்க நூறு நாள் வேலையில நீர் செறிவு கெணறு, அதாவது மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள எறக்குற கெணறு வெட்டி நெலத்தடி தண்ணிய ஏத்துனாங்க. பக்கத்துல திருவண்ணாமலை, 1989க்கு முன்னாடி அதுவும் வட ஆற்காடுதான், அங்க வினிஷா உமாசங்கர்னு ஒரு பள்ளிக்கூட பொண்ணு, தெருவுல இஸ்திரி போடுறவரு கரிய கொட்டறத பாத்துட்டு சோலார்ல ஓடுற இஸ்திரி வண்டிய யோசிச்சு, 2021ல கிளாஸ்கோல நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுல உலகத் தலைவருங்க முன்னாடி பேசுச்சு. தெருவுல கண்ணால பாத்ததுல இருந்து ஆரம்பிச்ச பொண்ணு, அதான் நான் சொல்ல வர்றதும்.

அடுத்து என்னன்னா, 2021 வெள்ளம் எது வரைக்கும் வந்துதுன்னு வீடு வீடா கேட்டு சுவத்துல ஒரு கோடு இழுக்கணும்னு பசங்களே பிளான் போட்டிருக்காங்க. ஆவணி, புரட்டாசில பனங்கொட்டை பொறுக்கி ஏரிக்கரையில நடணும். மேல கூரைக்கும் வெள்ளை சுண்ணாம்பு அடிக்கணும்னு டீச்சர் கேட்டிருக்காங்க, வெள்ளை கூரை வெயில திருப்பி அனுப்பிடும், கீழ கிளாஸ் ரூம்ல சூடு கொறையும். சுண்ணாம்பு, காவி, பழைய பட்டை பிரஷ்ஷு குடுக்கறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, பணம் வேணாம், பொருளா குடுங்க. அப்பால உங்க ஊரு ஏரி பேரு என்ன, கோடி போற தண்ணி எந்த ஊருக்கு போவுது, வீட்டுல தாத்தா ஆயாகிட்ட கேட்டுட்டு கமெண்ட்ல போடுங்க, அடுத்த சனிக்கிழமை பசங்ககிட்ட அத படிச்சு காட்டறேன்.