வரப்பு வழியே போன படை

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானியக் கோட்டை என்றதும் காலண்டரில் பார்த்த படம்தான் நினைவுக்கு வரும். கல் அடித்தளம், வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காகக் கூரை. அதைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். நான் சொல்லப்போகும் கோட்டையில் ஒரு கல்கூட இருந்ததில்லை. இப்போது கோட்டையே இல்லை.

நாகோயா நகரத்தில் நருமி என்று ஒரு பகுதி. நம் சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் துணிக்குப் பேர்போன ஊர். நான் போனதும் துணி பார்க்கத்தான். ஆனால் அன்று பாதி நாள் ஒரு பாலத்தின் மேல் நின்றேன். ஓகி, தேகோஷி என்ற இரண்டு சிற்றாறுகள் அங்கே சேர்கின்றன. இரண்டுக்கும் சிமெண்ட் கரை. நடுவில் வீடுகள், காயப்போட்ட துணிகள். அந்த இடத்தில்தான் நாகாஜிமா கோட்டை இருந்தது. நாகாஜிமா என்றால் நடுத்தீவு. நம் ஊர்ப்பக்கம் ஆற்றுத்திட்டு என்போமே, அதுதான்.

அந்த வட்டாரத் தலைவர் ஓதா நொபுநாகா. நருமிக் கோட்டை அவருடைய எதிரிக் குடும்பமான இமாகவா பக்கம் போய்விட்டிருந்தது. நொபுநாகா அதை நேரே இடிக்கப் போகவில்லை. 1559 வாக்கில் வடக்கே தாங்கே, கிழக்கே ஜென்ஷோஜி, தெற்கே நாகாஜிமா என்று மூன்று கோட்டைகளை ஒட்டவைத்தார். இந்த வகைக்கு அவர்கள் மொழியில் சுகெஜிரோ என்று பேர், ஒட்டுக்கோட்டை. பள்ளம் தோண்டு, அந்த மண்ணைக் கரையாகக் குவி, மேலே மரவேலி நடு. அவ்வளவுதான். உள்ளே இருப்பவனுக்கு அரிசி போகக் கூடாது, ஆள் போகக் கூடாது. வேலை முடிந்ததும் மரத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். மண்ணை மழையும் ஏரும் பார்த்துக்கொள்ளும்.

சரி, கதைக்கு வருகிறேன். 1560 ஜூன் 12. எதிரிக் குடும்பத்தின் தலைவர் இமாகவா யோஷிமோதோ பெரும்படையோடு வந்துவிட்டார். எதிரி கையில் இருந்த பக்கத்து ஓதாகாக் கோட்டையை மறித்து நொபுநாகா கட்டியிருந்த மருனே, வாஷிஜு என்ற ஒட்டுக்கோட்டைகள் இரண்டும் விழுந்து புகைகின்றன. நொபுநாகா ஜென்ஷோஜியில் நிற்கிறார். கையில் 2,000 பேர்கூட இல்லை. நாகாஜிமாவுக்குப் போகிறேன் என்கிறார். கூட இருந்தவர்கள் குதிரையின் கடிவாளத்தையே பிடித்துக்கொண்டார்களாம். ஏன்? வழியின் இரு பக்கமும் கால் புதையும் வயல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நாம் எவ்வளவு குறைவு என்பது எதிரிக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுமே! இதை நொபுநாகாவிடம் பணிபுரிந்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது.

அவர் கேட்கவில்லை, போனார். அங்கிருந்தும் கிளம்பினார். கொட்டிய மழை விட்டதும் பாய்ந்தார். யோஷிமோதோ தலை போயிற்று. ஓகேஹாஜாமா போர் என்று ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மருனேயும் வாஷிஜுவும் குன்றின் மேல் இருந்தன. குன்று தப்பியது, 1938-இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகவும் ஆகிவிட்டது. வயல் நடுவே இருந்த நாகாஜிமாவுக்கு அந்த யோகம் இல்லை. அதனால்தான் நான் ஆற்றைப் பார் என்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்வேன், ஆற்றைப் பாருங்கள். வேலி போனாலும் இரண்டு ஆறும் சேரும் இடம் சொல்லிக்கொடுக்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இன்னும் ஒரே விஷயம். நருமிக் கோட்டைக்குள் இருந்த இமாகவா தளபதி ஒகாபெ மோதோநொபு. தலைவர் செத்த பிறகும் அவர் வெளியே வரவில்லை. என் தலைவரின் தலையைக் கொடு, கோட்டையைத் தருகிறேன் என்றார். நொபுநாகாவும் கொடுத்தார். 21 வருஷம் கழித்து அதே ஒகாபெ தகாதென்ஜின் கோட்டைக்குள் சிக்கிக்கொண்டார். சுற்றி ஆறு ஒட்டுக்கோட்டைகள். கட்டியவர் தொகுகாவா இயெயாசு, அன்று மருனேயை இமாகவாவுக்காகப் பிடித்துக்கொடுத்த அதே இளைஞர். உள்ளே சோறு தீர்ந்தது. 1581-இல் ஒரு இரவு ஒகாபெ கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். இந்த முறை தப்பவில்லை.

வணக்கம்.