பெட்ரோல் பிக்கப் ஃபிஃப்த் வீலை இழுக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். டாலஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முக்கால் டன் பிக்கப்பைப் பெட்ரோல் இன்ஜினோடு வாங்கலாமா? மலையில் படுத்துவிடும், டீசல்தான் வாங்கணும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். டீசலுக்குப் பத்தாயிரம் டாலர் கூடுதலாகிறது. நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளும். வருடத்துக்கு நாலு பயணம், அதில் ஒன்று கொலராடோ."

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே 'கேஸ்' வண்டி என்றால் பெட்ரோல் வண்டி. போன வீடியோவைப் பார்த்துவிட்டு என் பெரியம்மா, "சிலிண்டரை எங்கேடி வெச்சிருக்க?" என்று போன் போட்டுக் கேட்டார். முக்கால் டன், ஒரு டன் என்பது பிக்கப்பின் ரகப் பெயர், தாங்கும் எடை இல்லை. ஃபிஃப்த் வீல் என்பது உள்ளே தங்கிக்கொண்டே பயணம் போகிற வீட்டு டிரெய்லர், ஆனால் பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற வகை இல்லை. பிக்கப்பின் முதுகிலேயே, பின் அச்சுக்கு மேலே உட்காருவது. தூத்துக்குடி பக்கம் கண்டெய்னர் டிரெய்லர் லாரி பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடுதான், அளவு சின்னது. பழைய குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் ஒரு வளையம் இருக்கும். நாலு சக்கரம் போக அது ஐந்தாவது. பெயர் அப்படி வந்தது.

சரி, தம்பியின் கேள்வி. இழுக்கும். அதில் சந்தேகமே வேண்டாம்.

எங்களுடையது 2020 ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பெட்ரோல். 430 குதிரைசக்தி, ஆனால் அது முழுசாகக் கிடைப்பது 5,500 ஆர்பிஎம்மில். டார்க், அதாவது சுழற்றும் விசை, 475. அதே வருடத்து டீசலில் டார்க் 1,050, அதுவும் 1,600 ஆர்பிஎம்மிலேயே. இந்த எண்ணைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். கம்பெனிகள் இழுவை எண் போடுவதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது, அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில். 11.4 மைல், 100 டிகிரி வெயில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, இந்த மாதிரி வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பெட்ரோல் வண்டிகளும் அதில் தேறித்தான் வருகின்றன.

கொலராடோவில் ஒரு சிக்கல் உண்டு. உயரம் போகப்போகக் காற்று மெலிந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எங்களுடையது மாதிரி இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல பலத்தை இழக்கும். அங்கே மலையைக் குடைந்து சாலை போகிற ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. 430 அங்கே 290 ஆகிவிடும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 20,000 பவுண்டு என்று வைத்தால், ஏழு சதவீத ஏற்றத்தில் 45 மைல் வரும். வலது ஓரத்தில் லாரிகளோடு போக வேண்டியதுதான். இன்ஜின் கத்தும். நாலாயிரம், ஐயாயிரம் ஆர்பிஎம். முதல் தடவை நான் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். எடுக்கக் கூடாது. அது அப்படிக் கத்துவதற்காகவே செய்த இன்ஜின். டெம்பரேச்சர் முள் நகராத வரைக்கும் கத்தட்டும்.

இப்போது நான் எப்போதும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆட்கள் சிரிப்பீர்கள், "அக்கா மாட்டு வண்டியை எடுத்துவிட்டார்" என்று.

எங்கள் அப்பிச்சி கவுந்தப்பாடிச் சந்தைக்கு வண்டியில் சர்க்கரை மூட்டை ஏற்றிப் போவார். ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு முழம் தள்ளி வைப்பார், மறுபடி தூக்கிப் பார்ப்பார். மாடு எத்தனை மூட்டை இழுக்கும் என்று அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை.

ஃபிஃப்த் வீலும் அதேதான். டிரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகில் உட்காரும். இதற்குப் 'பின் வெயிட்' (pin weight) என்று பெயர், டிரெய்லரைப் பூட்டுகிற முளையில் வரும் எடை. நம் காதுக்கு, 'பின்னால் இருக்கிற எடை' என்பது மாதிரி கேட்கும், ஆனால் அது முன்பாரம்! தம்பி, உங்கள் 12,000க்கு 2,400 பவுண்டு. டிரெய்லரைப் பூட்டப் பிக்கப்பில் பொருத்துகிற கொக்கித் தட்டு 170. நீங்கள் நாலு பேர் 500 என்று வையுங்கள். 3,070 ஆயிற்று, இன்னும் பிக்கப்புக்குள் ஒரு பை வைக்கவில்லை.

இதைத் தாங்குமா என்று டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும். மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று இருக்கும். எங்களுடையதில் 3,140. பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல் டீசல் வைத்திருக்கிறார், அவர் கதவில் 2,480. இரண்டுக்கும் மொத்த எடை வரம்பு அதே 10,000 பவுண்டுதான். டீசல் இன்ஜின் கனம், அந்தக் கனத்தை உங்கள் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். ஆக நீங்கள் பத்தாயிரம் டாலர் கூடக் கொடுத்து, தாங்கும் சக்தி குறைந்த வண்டியை வாங்கப் போகிறீர்கள். டீசல்தான் வேண்டுமென்றால் ஒரு டன் வண்டிக்குப் போங்கள்.

நாங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ப்ரோஷரில் முன்பாரம் 1,800 என்று போட்டிருந்தது, காலி டிரெய்லருக்கு. முதல் பயணத்தில் லாரி நிறுத்தத்தில் எடை போட்டோம். டிரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. பிக்கப் அச்சுகளில் வரும் வித்தியாசம்தான் முன்பாரம். 2,610! முன்பக்க அறையில் அரிசி மூட்டை நாலு, ஜெனரேட்டர், இவருடைய டூல் பெட்டி. பிக்கப்புக்குள் 180 பவுண்டு விறகு வேறு. கொலராடோவில் விறகு கிடைக்காதாம்! ஸ்டிக்கரைத் தாண்டி 150 பவுண்டு. அரிசி, ஜெனரேட்டர், பெட்டி மூன்றையும் டிரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேலே மாற்றினோம், விறகை அங்கேயே கொடுத்துவிட்டோம். முன்பாரம் 2,400க்கு வந்தது. அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள், முன்பாரம் டிரெய்லர் எடையில் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டும்.

பெட்ரோலில் நிஜமான தொல்லை பங்க்தான். டீசல்காரர் லாரி வரிசையில் நேராகப் போய் நேராக வெளியே வருவார். நாம் கார்களுக்கு நடுவே 35 அடி வாலை வளைக்க வேண்டும். கேலனுக்கு ஏழு மைல்தான் வரும், ஆக இது அடிக்கடி நடக்கும். வீட்டுக்காரர் இறங்கி நின்று கை காட்டுவார், நான் அவரைத் திட்டுவேன்.

தம்பி, ஏறுவதைப் பற்றி இவ்வளவு கேட்டீர்களே, இறங்குவதைக் கேட்கவில்லையே? சுரங்கம் தாண்டி மேற்கே சில்வர்த்தார்ன் ஊர் வரை 2,000 அடிக்கு மேல் இறக்கம். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், அது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன். மாதா மாதம் ராக்கி மலைக்குப் போகிறவர் என்றால் அதற்காகவே டீசல் வாங்கலாம். நமக்கு, பாரம் இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றுகிற டோ-ஹால் பொத்தானும் கீழ் கியரும்தான். சுரங்கத்திலிருந்து வெளியே வருவதற்குள் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இறக்கத்திலும் நாலாயிரம் ஆர்பிஎம்மில் கத்தும், அந்தக் கத்தல்தான் உங்களைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள். அழுத்திப் பத்து மைல் குறையுங்கள், முழுசாக விடுங்கள், ஆறட்டும்.

கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். பிக்கப் சக்கரம் கொதித்து டிரெய்லர் சக்கரம் குளிர்ந்திருந்தால், டிரெய்லர் பிரேக் வேலையே செய்யவில்லை. பிக்கப்பில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது பிரேக் பிடிக்கும் பலத்தை, ஏற்ற வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது அந்தக் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. அதே மாடல் வேறு வண்டியின் ஸ்டிக்கர் வேண்டாம், நீங்கள் வாங்கப் போகிற வண்டியினுடையது. சன்ரூஃப் போட்டிருந்தால்கூட எண் மாறும்.