சிங்க வேட்டைச் சிற்பங்கள்: அசீரிய அரசன் காட்ட நினைத்த பலம்

[காட்சி: பெண் சிங்கம், மிக அருகில்]

இந்தப் பெண் சிங்கத்தின் பின்னங்கால்களைக் கவனியுங்கள். அம்பு பாய்ந்து முதுகுத்தண்டு போய்விட்டது. கால்கள் தரையில் இழுபடுகின்றன. ஆனாலும் முன்னங்கால்களை ஊன்றி, வாயைத் திறந்து உறுமியபடி எழப் பார்க்கிறது. உயிர் போகும் விலங்கை நேரில் பார்க்காதவரால் இப்படிச் செதுக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இது கி.மு. 645 வாக்கில், அசீரியப் பேரரசன் அஷூர்பனிபாலின் நினிவே அரண்மனைக்காகச் செய்தது. இன்றைய ஈராக்கின் மோசுல் நகரை ஒட்டிய இடம். மோசுலில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் 1853இல் தோண்டியெடுத்தார். இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

[காட்சி: கூண்டு]

காட்டில் நடந்த வேட்டை இல்லை இது. கூண்டின் மேல் ஓர் ஆள், தனக்கென்று ஒரு சின்னக் கூண்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்து கதவைத் தூக்கிவிடுகிறான். சிங்கம் வெளியே வருகிறது. அது தப்பிவிடாதபடி சுற்றிலும் கேடயம் பிடித்த வீரர்கள், வேட்டை நாய்கள். பக்கத்துக் குன்றில் வேடிக்கை பார்க்கும் மக்கள்.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு? அசீரியாவில் சிங்கத்தை அடக்குவது அரசனுக்கே உரிய கடமை. நாட்டைச் சீர்குலைக்கும் சக்திகளிடமிருந்து குடிகளைக் காப்பவன் அவன் என்பதற்கு அதுவே அடையாளம். அரச முத்திரையில்கூட, பாய்ந்து நிற்கும் சிங்கத்தை அரசன் வாளால் குத்தும் காட்சிதான்.

அப்புறம், அரசனின் முகத்தைப் பாருங்கள். கோபமில்லை, பயமில்லை. சுருள்சுருளான தாடி கொஞ்சமும் கலையவில்லை. இடுப்பில் எழுத்தாணி வேறு! எழுதப் படிக்கத் தெரிந்த அரசன் என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை. வலி, ஆத்திரம், போராட்டம் எல்லாம் சிங்கத்துக்கு மட்டும். எதிரி எவ்வளவு வலியதோ, வென்றவன் அவ்வளவு பெரியவன். அதனால்தான் சிங்கத்தின் நரம்பையும் தசையையும் சிற்பிகள் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினார்கள். அந்த வேலையில் விலங்கின் மேல் அவர்களுக்கிருந்த மரியாதையும் எனக்குத் தெரிகிறது.

வேட்டை முடிந்ததும் செத்த சிங்கங்களின் மேல் அரசன் மது ஊற்றுகிறான். அவற்றின் மேல் இஷ்தார் தேவியின் வில்லை வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

[காட்சி: சிங்கத்தின் வால்]

இன்னொரு கற்பலகையில் அரசன் சிங்கத்தின் வாலைப் பிடித்திருக்கிறான். அந்த வாலை மட்டும் யாரோ உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். கி.மு. 612இல் அசீரியாவின் எதிரிகளான மேதியரும் பாபிலோனியரும் நினிவேயைப் பிடித்தார்கள். அப்போது அரண்மனைக்குள் புகுந்த ஒருவன் சிங்கத்தை அரசனின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டான் என்று கருதப்படுகிறது.