தானே கிளம்பும் புயல்

நேயர்களுக்கு வணக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது கடலில் கிளம்பியது. நான் பேச வந்த புயல் உடம்புக்குள்ளே, உண்மையிலேயே தானே கிளம்புவது. சைட்டோகைன் புயல் என்பார்கள். சைட்டோகைன் என்பது நம் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதம்.

ஒரு மழைக்கால முடிவில், பாகூர் பக்கமிருந்து ஒன்பது வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். பத்து நாள் காய்ச்சல். "டெங்கு இல்லைன்னுட்டாங்க டாக்டரய்யா, ஆனா பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போவுது" என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குளில், பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. தொட்டாலும் வலிக்கவில்லை. ஸ்க்ரப் டைபஸ், புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. முன்பு பார்த்த இடத்தில் யாரும் சட்டையைக் கழற்றவில்லை. காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். எங்கே போனாலும் இதைச் சொல்வேன், இன்றும் சொல்கிறேன்.

அதற்கான ஆண்டிபயாட்டிக், டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். வழக்கமாக இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அவனுக்கு விடவில்லை. மண்ணீரல் வீங்கியது, ரத்த அணுக்கள் எல்லா வகையிலும் குறைந்தன. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினை ரத்தத்தில் பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேல். அவன் வயதில் சாதாரணமாக நூற்றைம்பதைத் தாண்டாத அளவு அது.

நடந்தது இதுதான். நம் கொல்லும் அணுக்கள் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் நோயுற்ற அணுவில் துளை போட்டு அழிக்கும், அழித்ததும் ஓயும். அழிக்க முடியாவிட்டால் ஓயாது, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் வெறிகொண்டு, கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்கள் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். சில குழந்தைகளுக்குப் பெர்ஃபோரின் ஜீனிலேயே பழுது, 1999இல் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களுக்குத் தொற்றோ புற்றோ தூண்டிவிடுகிறது.

"எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடலாம்?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. கூடினால் மட்டும் போதாதம்மா, அடங்கவும் தெரிய வேண்டும். அந்தப் பையனுக்குக் குறைந்தது அந்த அடக்கம்தான்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சிகிச்சையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்டீராய்டு, அவனுக்கு டெக்ஸாமெத்தசோன், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளைக் காத்ததும் அதே மலிவான மருந்துதான். அடங்காவிட்டால் எடோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து. பிறவிப் பழுதுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. ஐஎல்-6 என்ற இன்னொரு சைட்டோகைனின் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து பற்றி இன்னொரு நாள். ஒன்று மட்டும்: ஸ்டீராய்டை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், காரணம் தெரியாத காய்ச்சலில் அது நோயை மறைத்துவிடும். வணக்கம்.