கூட யார் வந்திருக்கீங்க?

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோது வயது 61. வீடு கும்பகோணம், சிகிச்சை சென்னையில். மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பேஷண்ட் கூட யார் வந்திருக்கீங்க?" அடுத்த ஏழு மாதம் ஒவ்வொரு ஜன்னலிலும் இதே கேள்விதான். நான்தான் சார் என்று கை தூக்குவேன்.

கூட வந்தவர்கள் முதலில் செய்த காரியம், மறைத்தது. சாதாரணக் கட்டிதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அண்ணன், சித்தப்பா, அத்தை எல்லோரும் பத்து நாள் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினோம். ஒருநாள் ஆட்டோவில் வரும்போது அம்மா சொன்னார்: "எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்டா. வாசல்ல அவ்வளவு பெரிய எழுத்துல போர்டு வச்சிருக்கான். முடி கொட்டுமா, அதை மட்டும் சொல்லு."

கொட்டியது. 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்தை உடம்பில் ஏற்றுவது. முதல் மருந்து ஏற்றிய மூன்றாவது வாரம் தலையணையெல்லாம் முடி. அம்மாவே முடிதிருத்துபவரைக் கொல்லைப்புறத்துக்கு வரச் சொன்னார். "பாதி முடிதானே இருக்கு, பாதிக் காசு வாங்கிக்க" என்று பேரம் வேறு. நாங்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தோம்.

சாப்பாடுதான் பெரிய பாடு. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டல். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்பார். நாங்களோ தட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாய்மா" என்று பின்னாலேயே போவோம். அன்பாகத்தான். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தாலே அவருக்குப் பயம் வந்துவிட்டது. எவர்சில்வர் டம்ளரை மாற்றிக் கண்ணாடி டம்ளர் வைத்தோம். சூடாக எதையும் கொடுக்காமல், ஆறின தயிர் சாதம் நாலு கவளம், இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நாலு கவளம் என்று கொடுத்தோம். இறங்கியது. அத்தை பப்பாளி இலைச் சாறோடு வந்து நின்றார். டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை என்று சொன்னதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம்தான். இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கீமோ முடிந்த ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் இரத்தத்தில் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவா பகலா என்று பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனை. நாங்கள் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். டாக்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். இரவில் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுச் சுவரில் எழுதிவிடுங்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ரயிலிலும் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே கிடையாது, கூடப் போகும் ஒருவருக்குக் கால் பங்குக் கட்டணம். கூட ஒரு ஆள் வேண்டும் என்று ரயில்வேக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதற்குப் பின்னால் இருப்பதும் ஒரு குடும்பத்துத் துயரம்தான். அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா அதை மறக்கவில்லை. 31 வருடம் கழித்து, 1954-இல், 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்கியது.

ஊரில் எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று. ரயிலில் போனதும் ஜன்னலில் கை தூக்கியதும் நான்தான். வாந்தி வாளியைக் கழுவியது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கஞ்சி வைத்தது என் மனைவி. நாலாவது கீமோவின்போது அவள் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அப்புறம் திருச்சியிலிருந்து தங்கை வந்து ஒரு வாரம், அண்ணி ஒரு வாரம் என்று முறை வைத்தோம். முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலை.

ஒரு நீள நோட்டு போட்டு மாத்திரை, காய்ச்சல், டாக்டரிடம் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் எழுதி வந்தேன். பாதியில் அம்மா அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் கையெழுத்து அவருக்குப் புரியவில்லையாம். கடைசி கீமோ முடிந்து ஆறாவது வாரம், காய்ச்சல் இல்லை, மாத்திரை போட்டாச்சு என்று எழுதிய பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது: "ரசத்தில் உப்பு கம்மி."

அடுப்படிக்கு ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன். அவளுக்குக் கோபம் வரவில்லை.

நன்றி, வணக்கம்.