முப்பது மீட்டரில் முடிவாகும் ரிலே

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர், டோக்கியோ உலகத் தடகளப் போட்டி. பெண்கள் 4x100 ரிலே, அதாவது நாலு பேர் ஆளுக்கு 100 மீட்டராகக் குச்சி மாற்றி ஓடும் தொடர் ஓட்டம். அதில் அமெரிக்கா 41.75 விநாடி, ஜமைக்கா 41.79. வித்தியாசம் 0.04 விநாடி. அந்த வேகத்துக்குக் கணக்குப் பார்த்தால் 40 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை.

வேகமான நாலு பிள்ளைகள் கிடைத்துவிட்டால் ரிலே நமக்குத்தான் என்று நம் பள்ளிக்கூடங்களில் ஒரு நினைப்பு உண்டு. இன்னொரு கணக்கைப் பாருங்கள். பெண்கள் 100 மீட்டர் உலக சாதனை 10.49. அதை நாலால் பெருக்கினால் 41.96. ரிலே சாதனையோ 2012 லண்டனில் அமெரிக்கப் பெண்கள் ஓடிய 40.82. முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் குச்சியை வாங்கும்போதே ஓட்டத்தில் இருப்பதால் வரும் லாபம் அது. அந்த லாபம் கிடைப்பதும் போவதும், குச்சி கை மாற வேண்டிய 30 மீட்டர் மாற்றப் பகுதிக்குள்தான். 2017 கடைசிவரை அது 20 மீட்டர். வேகம் எடுக்க முன்னால் 10 மீட்டர் தனி. இன்னமும் சில மைதானங்களில் பழைய கணக்கிலேயே சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். பி.டி. ஆசிரியர்கள் டேப் பிடித்து ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

அடுத்தது செக் மார்க், அதாவது வாங்குகிறவள் எப்போது புறப்பட வேண்டும் என்று காட்டும் குறி. வாங்குகிறவள் பகுதியின் தொடக்கக் கோட்டிலிருந்து, வருகிறவள் பக்கமாக அடிமேல் அடி வைத்து எண்ணட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 18 அடியில் ஆரம்பிக்கலாம். மண் மைதானத்தில் ஒரு கீறல் போதும். சிந்தெடிக் தளத்தில் 5க்கு 40 சென்டிமீட்டருக்கு மிகாத ஒட்டுநாடா. வருகிறவளின் கால் அந்தக் குறியைத் தாண்டியதும் இவள் புறப்பட வேண்டும், முழு வேகத்தில். அப்புறம் திரும்பிப் பார்க்கவே கூடாது.

குச்சி 20 மீட்டரை ஒட்டிக் கை மாறினால் அளவு சரி. 10 மீட்டருக்குள்ளேயே வந்து முதுகில் இடித்தால் குறியை இரண்டு அடி தள்ளி வையுங்கள். 30 மீட்டர் முடிந்தும் எட்டவில்லை என்றால் இரண்டு அடி கிட்டக் கொண்டுவாருங்கள். காலையில் தெம்பாக இருக்கிற பிள்ளையை வெறும் 30 மீட்டர் ஓடவிட்டுக் குறி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். போட்டியில் அவள் 100 மீட்டர் ஓடிக் களைத்து வருவாள், வாங்குகிறவள் ஓடியே போய்விடுவாள். பயிற்சியிலும் 70 மீட்டராவது ஓடிவரச் செய்யுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கிற காற்று வருகிறவளுக்கு எதிர்க்காற்றாக இருந்தால் இன்னும் ஓரடி குறையுங்கள்.

இனி கை. முதல் ஆள் வலக்கை, இரண்டாமவள் இடக்கை, மூன்றாமவள் வலக்கை, கடைசியாள் இடக்கை. வளைவில் ஓடுகிற ஒன்றும் மூன்றும் லேனின் உள்ளோரம் பிடித்து ஓட வேண்டும். நடுவில் யாரும் கை மாற்றிப் பிடிக்க வேண்டாம். கீழிருந்து மேலே கொடுப்பது பழக எளிதுதான். ஆனால் குச்சியே 28லிருந்து 30 சென்டிமீட்டர். ஒவ்வொரு கையும் ஓர் உள்ளங்கை அகலத்தை எடுத்துக்கொண்டால், மூன்றாவது மாற்றத்தில் பிடிக்க நுனிதான் மிஞ்சும். அதனால் நேராகத் தள்ளிக் கொடுப்பதே மேல். ‘கை’ என்று குரல் கேட்டதும் வாங்குகிறவள் தோள் உயரத்தில் கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, பெருவிரலைக் கீழ்நோக்கி வைத்து, ஆட்டாமல் நிறுத்த வேண்டும். தேடிப் பிடிப்பது கொடுப்பவள் வேலை. இரண்டு பேரும் தேடினால் குச்சி தரையில்தான். வியர்த்த கையைத் துண்டில் துடைத்துக்கொள்ளலாம். பசை எதுவும் தடவ விதி இடம் தராது.

விழுந்துவிட்டால் தவறவிட்டவளே எடுக்க வேண்டும். லேனை விட்டு வெளியே போய் எடுத்தாலும் குற்றமில்லை. மற்றவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது, ஓட்டதூரம் குறையக் கூடாது, அவ்வளவுதான். அழுதுகொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பிரேசில் வீராங்கனை இடித்ததில் அமெரிக்கக் குச்சி விழுந்தது. எடுத்து ஓட்டத்தை முடித்தார்கள், பிறகு முறையிட்டார்கள். அன்று மாலையே தனியாக ஓடவிட்டதில் 41.77. மறுநாள் இறுதியில் 41.01, தங்கம்.